சேலத்தில் பழைய ஸ்டீரியோஸ்கோப் வாங்க நினைப்பவர்களுக்கு: கண் சோதனை முதல் ரசீது வரை

ஒரே காட்சியை இரண்டு படமாக எடுத்து, இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று காட்டி, மலையை மலையாகவும் பள்ளத்தைப் பள்ளமாகவும் தெரியவைப்பது ஸ்டீரியோஸ்கோப். நூறு வருடத்துக்கு முந்தைய கருவி ஒன்றை வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்று சேலத்தில் யாராவது ஆசைப்பட்டால், விவரம் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். கேமரா கடைக்காரர் பழைய சாமான் கடைக்கு அனுப்புவார். பழைய சாமான் கடைக்காரர் ‘அதெல்லாம் சென்னையிலதான்’ என்பார். அங்கேயும் இங்கேயும் அலைந்து, துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். காசு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இதில் அதிகம். அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் பிற்பாடு பெரிய செலவு வராது.

1. முதலில் உங்கள் கண்

சிறு வயதில் மாறுகண் இருந்தவர்கள், ஒரு கண் சோம்பலாகவே வளர்ந்தவர்கள் சிலருக்கு இரண்டு படமும் ஒன்றாகச் சேராது. அவர்களுக்கு எவ்வளவு நல்ல கருவியைக் கொடுத்தாலும் தட்டையான படம்தான் தெரியும். கண் மருத்துவமனைகளில் ஈயின் படம் ஒன்றைக் காட்டிச் சோதிப்பார்கள். தனிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஈயின் சிறகு தாளைவிட்டு மேலே எழும்பி நிற்கும்; அதை விரலால் கிள்ளச் சொல்வார்கள். அடுத்த முறை கண்ணாடி பவர் பார்க்கப் போகும்போது இதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இதற்கென்று தனியாக அலைய வேண்டாம். வீட்டில் வியூ மாஸ்டர் (வட்டமான பட ரீலைச் செருகிப் பார்க்கும் சிறு கருவி) இருந்தால் அதில் ஒரு ரீலைப் போட்டுப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

2. எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்பார்கள். உங்களுக்கு மூன்று வகை தெரிந்தால் போதும்.

ஹோம்ஸ் வகை: கைப்பிடி, நீளமான மரச்சட்டம், முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் மறைப்பு, சட்டத்தில் முன்னும் பின்னும் நகரும் கார்டு தாங்கி (இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக ஒட்டிய அட்டைதான் கார்டு). அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1861 வாக்கில் அமைத்துக் கொடுத்த வடிவம். அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் ஆளாளுக்குச் செய்து விற்றார்கள், இன்றைக்கும் நிறையக் கிடைக்கிறது. முதல் கருவியாக இதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ப்ரூஸ்டர் வகை: மூடிய பெட்டி. மேலே வெளிச்சத்துக்கு ஒரு மூடி, கீழே படம் செருக ஒரு வாய். டேவிட் ப்ரூஸ்டர் 1849-இல் வெளியிட்ட அமைப்பு. அழகாக இருக்கும், விலையும் அதிகம். உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. புதியவர்கள் இப்போதைக்கு ஒதுங்கியே இருக்கலாம்.

வியூ மாஸ்டர்: 1939-இல் வந்தது. வட்ட ரீலில் 14 சின்ன ஃபிலிம், அதாவது 7 காட்சி. நம் ஊர் வீடுகளில் பரணில் கிடப்பது பெரும்பாலும் இதுதான். ரீல் வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். 1970-களில் வந்த பல ரீல்கள் இப்போது முழுக்கச் சிவந்து போயிருக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. அதற்கு முந்தைய, கோடாக்ரோம் என்ற கலர் ஃபிலிமில் செய்த ரீல்களில் நீலமும் பச்சையும் இன்னும் அப்படியே இருக்கும்.

3. எங்கே தேடுவது

ஏற்காட்டில் 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், காபி நடத் தொடங்கினார்கள். பின்னால் எஸ்டேட் பங்களாக்கள் வந்தன, மிஷன் பள்ளிகள் வந்தன. இப்படிப்பட்ட சாமான்கள் மலைக்கு வந்து சேர்ந்ததும் அந்த வீடுகளுக்குத்தான். அங்கே வீடு காலி செய்யும்போது தட்டுமுட்டுச் சாமான்கள் கீழே சேலத்துக்கு இறங்கும். ஆகவே ஏற்காட்டில் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதைவிட, பங்களா சாமான் மொத்தமாக எடுக்கும் வியாபாரிகளைச் சேலத்தில் பிடித்து வையுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் புரியாது. கைப்பேசியில் படத்தைக் காட்டி, “இந்த மாதிரி வந்தா உடைக்காம, கழுவாம எடுத்து வைங்க” என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ‘கழுவாம’ என்பது ரொம்ப முக்கியம். நல்லெண்ணத்தில் தேய்த்துக் கழுவியே பல கருவிகளைக் கெடுத்துவிடுகிறார்கள்.

மே மாதம் கோடை விழா சமயத்தில் மலையில் இதற்காக அலையாதீர்கள். கூட்டம் தாங்காது, விலையும் சுற்றுலாப் பயணி விலையாகத்தான் இருக்கும்.

ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கே இருப்பவர்களுக்கு விலை நன்றாகத் தெரியும். குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று நினைத்துப் போக வேண்டாம்.

4. கையில் எடுத்ததும் என்ன பார்க்க வேண்டும்

இங்கே அவசரப்படாதீர்கள். கடைக்கு வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். போகும்போதே ஒரு கார்டு கையில் இருக்கட்டும். அதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன். கார்டு இல்லாமல் கருவியைச் சோதிக்க முடியாது.

லென்ஸிலிருந்து தொடங்குங்கள். ஹோம்ஸ் கருவியின் லென்ஸ் சாதாரண உருப்பெருக்கி கிடையாது. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, ஆப்பு மாதிரி இருக்கும். தடித்த பக்கம் காதை நோக்கி, மெல்லிய பக்கம் மூக்கை நோக்கி இருக்க வேண்டும். கார்டில் இரண்டு படங்களின் மையங்களும் நம் கண்களின் இடைவெளியைவிட அதிகமாக விலகியிருக்கும். இந்த ஆப்புதான் அவற்றை உள்பக்கம் இழுத்துச் சேர்க்கிறது. யாராவது லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தால் படம் சேராது, தலைதான் வலிக்கும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திருப்பி மாட்டினால் சரியாகிவிடும், விலையைக் குறைக்கவும் ஒரு காரணம் கிடைக்கும். ஆனால் இரண்டும் வட்டமான, சமமான உருப்பெருக்கிக் கண்ணாடியாக இருந்தால் அது பெரும்பாலும் அலங்காரத்துக்குச் செய்த நகல். அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

லென்ஸின் ஓரத்தில் சிறு சில்லு போயிருந்தால் பரவாயில்லை, பார்க்கும்போது தெரியாது. நடுவில் கீறல் இருந்தால் தொந்தரவு. ஏற்காட்டு வீடுகளிலிருந்து வந்தவற்றில் பூஞ்சையைத்தான் முக்கியமாகத் தேட வேண்டும். மூடுபனி மாதக்கணக்கில் வீட்டுக்குள் வந்து போகிற ஊர் அது. லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் சிலந்தி நூல் போல் கிளை கிளையாகத் தெரியும். துடைத்துப் போனால் நல்லது, கண்ணாடியையே அரித்திருந்தால் போகாது.

அடுத்தது கார்டு தாங்கி. குறுக்குச் சட்டமும் அதில் வளைந்த கம்பிகளும் இருக்க வேண்டும். பலவற்றில் இதுதான் தொலைந்திருக்கும். ஆசாரியிடம் புதிதாகச் செய்துகொள்ளலாம், ஆனால் விலையில் பாதியாவது குறைத்துக் கேளுங்கள். இரண்டு கண்ணின் பார்வையையும் பிரிக்கும் நடுத்தடுப்புப் பலகை இல்லாவிட்டாலும் அப்படித்தான், ஒரு கறுப்பு அட்டையை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

மரத்தில் குண்டூசித் துளைகள் இருக்கிறதா? ஒரு வெள்ளைத் தாளின் மேல் லேசாகத் தட்டுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அதை மற்றச் சாமான்களோடு வைக்காதீர்கள்.

திருகாணிகளின் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. 1900-ஆம் வருடக் கருவி என்று சொல்லும் ஒன்றில் அது இருந்தால், பிற்பாடு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் அல்லது கருவியே புதிது.

கடைசியாக எழுத்துகள். அலுமினிய மறைப்பு உள்ளவற்றில் கம்பெனிப் பெயரோ காப்புரிமைத் தேதியோ பொறித்திருக்கும். ‘பெர்ஃபெக்ஸ்கோப்’ என்றால் எச்.சி. வைட் கம்பெனி, ‘மோனார்க்’ என்றால் கீஸ்டோன், ‘சன் ஸ்கல்ப்ச்சர்’ என்றால் அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெர்ஃபெக்ஸ்கோப்பில் 1895 என்று இருந்தால், அது காப்புரிமை வாங்கிய வருடம். அதே தேதியைப் பொறித்துப் பல வருடம் செய்து விற்றார்கள். ‘1895 மாடல் சார்’ என்று சொல்லி அதற்குத் தனியாக விலை கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

விலை: சாதாரண ஹோம்ஸ் கருவி, எல்லா உறுப்பும் இருந்தால், அமெரிக்காவில் 50 முதல் 100 டாலருக்குள் கிடைக்கிறது. அந்தத் தொகையை ரூபாயாக்கி, அதையே உங்கள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ‘உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு’ என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

5. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்

பழைய சாமானுக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். கேட்டால் கொடுப்பார்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும்: விற்பவர் பெயர், முகவரி, தேதி, பொருளின் விவரம், என்னென்ன குறை, விலை, கையெழுத்து. கூடவே அவருடைய அடையாள அட்டை நகல் ஒன்று. பணத்தை யூபிஐ-யில் அனுப்பினால் அதுவும் ஒரு சாட்சி. பூட்டிக் கிடக்கும் மலை பங்களாக்களிலிருந்து சாமான் காணாமல் போவது உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் குற்றம். ரசீது கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் ஒற்றைக்காலில் நின்றால் காரணம் இல்லாமல் நிற்க மாட்டார்.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடத்துக்குக் குறையாத பழமையான கைவினைப் பொருளும் வரலாற்று மதிப்புள்ள பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். உங்கள் சொந்த உபயோகத்துக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் என்ற பேச்சு வரும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ நண்பருக்கோ கூரியரில் அனுப்பவே கூடாது. தனியார் தொல்பொருளை ஏற்றுமதி செய்வது தடை. அனுப்பியே ஆக வேண்டும் என்றால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றை முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்குங்கள். பெட்டியில் வைத்து விமான நிலையத்துக்குப் போன பிறகு இதைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால்

பொருளின் விலையை மட்டும் பார்த்துப் பட்டனை அழுத்திவிடாதீர்கள். அனுப்பும் செலவே பல நேரம் கருவியின் விலைக்குச் சமமாக வந்து நிற்கும். சுங்க வரியும் பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்குத்தான் போடுவார்கள். எந்தத் தலைப்பில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து வரி மாறும். 100 வருடம் தாண்டிய பழம்பொருளுக்குச் சுங்கப் பட்டியலில் 9706 என்று தனித் தலைப்பு இருக்கிறது. ஆகவே விற்பவரிடம் பொருளின் வயது, மரமும் கண்ணாடியும் என்ற விவரம், கொடுத்த உண்மையான விலை மூன்றையும் உறையின் மேல் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பில் வைக்கச் சொல்லுங்கள். ‘கிஃப்ட் என்று போட்டால் வரி கிடையாது’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது.

கூரியரில் வந்தால் ஆதார் அல்லது பான் நகல் கேட்பார்கள். கேட்ட அன்றே அனுப்பிவிடுங்கள், தாமதித்தால் பொருள் கிடங்கிலேயே கிடக்கும். தபாலில் வந்தால் வரியைப் பொருள் வாங்கும்போது கட்டலாம். ஒரு மாதத்துக்குக் குறைவாக எதிர்பார்க்க வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்; உடைந்து வந்திருந்தால் பணம் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம்.

7. சுத்தமும் பழுதும்

முதலில் காற்றடிக்கும் ரப்பர் குமிழால் தூசியை ஊதுங்கள். பிறகு மென்மையான மைக்ரோஃபைபர் துணி. அதற்கும் போகாவிட்டால் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். தண்ணீரை நேராக லென்ஸில் விடக் கூடாது, மரச்சட்டத்துக்குள் இறங்கி வீங்கவைத்துவிடும். விபூதி, பல்பொடி, சானிடைசர் எதுவும் கூடாது. அலுமினிய மறைப்பில் புளியோ எலுமிச்சையோ பட்டால் திட்டுத் திட்டாக நிறம் மாறிவிடும். அதிலுள்ள பொறிப்பு அவ்வளவு ஆழமானதும் அல்ல, தேய்த்தால் தேய்ந்தே போகும். முகத்தில் படும் வெல்வெட் ஓரம் அரித்துப் போயிருந்தாலும் பழையதையே விட்டுவையுங்கள்.

கைப்பிடி மடங்கும் பித்தளைக் கீல் உடைந்திருந்தால் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் இருப்பவர்கள் கையில் பிடிக்கவே முடியாத அளவு நுண்ணிய பற்றுவைப்பு வேலையைச் சர்வசாதாரணமாகச் செய்பவர்கள். கீலை மட்டும் கழற்றிக் கொடுங்கள், முழுக் கருவியையும் நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். ‘பத்த மட்டும் வைங்க, மெருகு போடாதீங்க’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வாருங்கள். பளபளவென்று திருப்பிக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில் மரியாதை. பண்டிகை, முகூர்த்தச் சீசன் என்றால் பட்டறையில் வேலை குவிந்திருக்கும், அந்தச் சமயத்தில் போய் நிற்காதீர்கள்.

8. கார்டுகள்

சாதாரண கார்டு 7 அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம். 1880-ஐ ஒட்டி, அட்டையை லேசாக வளைத்துச் செய்யத் தொடங்கினார்கள். அப்படி வளைத்தால் ஆழம் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். ஈரத்தில் வளைந்துவிட்டது என்று நினைத்து இதைப் புத்தகத்துக்கு அடியில் வைத்து நிமிர்த்தினால் மேல்பூச்சு வெடித்துவிடும். நம் ஊரில் பழைய போட்டோ என்றாலே லேமினேஷன் போடுகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து இதற்குப் போடாதீர்கள். அந்தச் சூடும் பிளாஸ்டிக்கும் படத்தைக் கொன்றுவிடும், பிரித்தெடுக்கவும் முடியாது.

கலர் கார்டு என்றால் உருப்பெருக்கியில் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சில் போட்ட மலிவுப் பதிப்பு, ஒன்றிரண்டு டாலருக்கு மேல் பெறாது. நிஜப் போட்டோவில் புள்ளி இருக்காது. நம் பக்கத்துக் காட்சிகள் வேண்டுமென்றால், அண்டர்வுட் கம்பெனிக்காக ஜேம்ஸ் ரிக்கல்டன் இந்தியாவில் எடுத்த படங்களைத் தேடலாம். ஊர்ப் பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில், டிரிச்சினோபொலி, டாஞ்சூர் என்பது போல் போட்டால்தான் சிக்கும்.

ஆனால் தொடக்கத்தில் அசல் கார்டு எதற்கு? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன்னிடமுள்ள ஸ்டீரியோ கார்டுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெரிய அளவுக் கோப்பாக இறக்கி, போட்டோ லேபில் பிரின்ட் போட்டுக்கொள்ளலாம். 8-க்கு 12 அங்குலத் தாள் ஒன்றில் மூன்று கார்டு அடங்கும். மூன்று மூன்றரை பத்தரை, ஓரம் வெட்ட இடமும் மிஞ்சும். லேபில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: அளவை மாற்றக் கூடாது, ஓரத்தை வெட்டக் கூடாது, கலர் கரெக்‌ஷன் வேண்டாம். தாள் க்ளாஸியாக இருக்கட்டும். மேட், சில்க் தாள்களின் சொரசொரப்பை லென்ஸ் பெரிதாக்கிக் காட்டி, படத்தின் மேல் மணல் தூவியது போல் ஆக்கிவிடும். ஒட்டுவதற்கு பைண்டிங் அட்டையும் இரட்டைப்பக்க டேப்பும் போதும். மைதாப் பசை வேண்டாம், காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

நான்காவது படியில் கையில் வைத்திருக்கச் சொன்ன கார்டு இதுதான்.

9. ஏற்காட்டை நீங்களே எடுங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கின் சாரமே இங்கேதான் இருக்கிறது. சாதாரணக் கைப்பேசி போதும். ஒரு படம் எடுங்கள், கைப்பேசியைத் திருப்பாமல் அப்படியே வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று எடுங்கள். எவ்வளவு நகர்த்துவது? சட்டத்துக்குள் மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. அருகிலுள்ள காபிச் செடி 2 மீட்டரில் இருந்தால் ஆறரை சென்டிமீட்டர், அதாவது இடது காலிலிருந்து வலது காலுக்கு உடம்பைச் சாய்த்தால் போதும். லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலத்தை எடுக்கும்போது அருகிலுள்ள மரம் 30 மீட்டரில் இருந்தால் 1 மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும். கம்பி வேலியோ பக்கத்துக் கிளையோ ஓரத்தில் நுழைந்துவிட்டால் படம் வீண்.

இரண்டு படத்துக்கும் நடுவே எதுவும் அசையக் கூடாது. ஏரியில் ஓடும் படகு இரண்டு இடத்தில் நிற்கும், நகரும் பனி கலங்கலாகச் சேரும். காற்று அடங்கிய விடியற்காலையில் எஸ்டேட் பக்கம் போங்கள். முன்னால் காபிச் செடி, நடுவே மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக், பின்னால் மலைச்சரிவு. இப்படி அடுக்கடுக்காக இருக்கும் காட்சிதான் கருவியில் எழும்பி நிற்கும். பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்து காபி பூத்திருக்கும் நாட்கள் கிடைத்தால் விடவே விடாதீர்கள். ஒவ்வொரு பூவும் தன் கிளையில் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். எஸ்டேட்டுக்குள் நுழைய மட்டும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

வீட்டில் ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளில் இரண்டு படத்தையும் நேர் செய்யலாம். இடது படம் இடப்பக்கம் இருக்கட்டும். மாறினால் மலை குழியாகத் தெரியும். கார்டு அளவுக்குப் பிரின்ட் போட்டதும், தூரத்துப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது இரண்டு படத்திலும் இருக்கும் இடத்துக்கு நடுவே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். சுமார் 75 மில்லிமீட்டர் நல்லது. 80-ஐத் தாண்டினால் கண் நோகும்.

10. மழைக்கு முன்

மலையில் வசிப்பவர்கள் மழைக்காலத்தில் கருவியையும் கார்டுகளையும் கீழே சேலத்தில் உறவினர் வீட்டில் வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். முடியாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகையைக் கேட்டு வாங்கினால் எப்போது ஈரம் ஏறியது என்று பார்த்ததும் தெரியும். ஏறியதும் எடுத்து, வாணலியில் இளஞ்சூட்டில் காயவைத்து, ஆறிய பிறகு திரும்பப் போடலாம். சமையலுக்கு எடுக்கும் வாணலி வேண்டாம், இதற்கென்று பழையது ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். கார்டுகளை நிமிர்த்தி வரிசையாக நிறுத்துங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்த கார்டுகள் அடியில் நசுங்கும். மரத்தில் மாவு உதிர்ந்த கருவியை மட்டும் தனிப் பையில் கட்டி, ஒரு மாதம் கழித்து மறுபடியும் வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள்.